ஃபெர்குசனை உள்ளே விடுங்கள், பட்டப்பெயரை வெளியே வையுங்கள்

பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு பேஸ்பால் ஆட்டக்காரர் புரூக்ளின் பாப் ஃபெர்குசனைப் பற்றித்தான் எழுதுகிறேன். "பறப்பவற்றுக்கெல்லாம் எமன்" என்ற பட்டப்பெயரைச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று நினைவு வரும். சிக்கலே அங்கேதான். நானும் அந்தப் பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் ஆளைத் தேடிப் போனேன். போனால், அவருடைய புரூக்ளின் அட்லாண்டிக்ஸ் அணியிலேயே ஆடிய ஜாக் சாப்மனுக்கும் இதே பெயரைச் சொல்கிறார்கள். சாப்மன் மைதானத்தின் வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டில் ஓடி ஓடி உயரப் பந்துகளைப் பிடித்தவர், ஃபெர்குசன் பெரும்பாலும் உள்ளே பேஸ் பக்கம் நின்றவர். எமன் பட்டம் யாருக்குப் பொருந்தும், நீங்களே சொல்லுங்கள்.

சரி, பெயரைச் சாப்மனுக்கே கொடுத்துவிடுவோம். மிச்சம் என்ன இருக்கிறது என்றால், 1870 ஜூன் 14 இருக்கிறது. 1869 முழுக்க ஓர் ஆட்டம்கூடத் தோற்காத சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் புரூக்ளினுக்கு வந்திருக்கிறது, ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 5-5, அட்லாண்டிக்ஸ் டிரா போதுமென்று கிளம்பப் பார்க்க, சின்சினாட்டி கேப்டன் ஹாரி ரைட் விடமாட்டேன் என்கிறார். பதினோராவது இன்னிங்ஸில் சின்சினாட்டி இரண்டு ரன் முந்துகிறது. அட்லாண்டிக்ஸ் ஒன்றைத் திருப்பி எடுத்த நிலையில் ஃபெர்குசன் வருகிறார். வலக்கை ஆட்டக்காரர். ஆனால் வலக்கை ஆட்டக்காரர் அடிக்கும் பந்து வழக்கமாகப் போகும் பக்கத்தில், இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப்பில் நிற்பது சின்சினாட்டியின் ஜார்ஜ் ரைட், அந்தப் பக்கம் பந்து போனால் கதை முடிந்தது. மனிதர் பேசாமல் இடக்கை ஆட்டக்காரர் போல மாறி நின்று, பந்தை எதிர்ப்பக்கம் அடித்தார். 7-7. அப்புறம் எதிரணி பந்தைத் தவறாக எறிய, இவரே ஓடிவந்து எட்டாவது ரன். பதிவில் இருக்கும் முதல் ஸ்விட்ச் ஹிட்டிங் (கை மாற்றி நின்று அடிப்பது) என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

யாரிடமிருந்து தப்பிக்க மாறி நின்றாரோ, அந்த ஜார்ஜ் ரைட் 1937 முதல் உங்கள் சுவரில் இருக்கிறார். ஹாரி ரைட்டும் இருக்கிறார். அவர்களை வீழ்த்தியவர் மட்டும் வாசலுக்கு வெளியே.

கோபக்காரர்தான், தெரியும். 1873-இல் அம்பயராக நின்றபோது வாக்குவாதம் முற்றி, கேட்சர் நாட் ஹிக்ஸின் கையை மட்டையால் அடித்து உடைத்தார். அப்போது தொழில்முறை பேஸ்பால் லீகான நேஷனல் அசோசியேஷனுக்கே தலைவர் இவர்தான், கேளுங்கள் கூத்தை! ஆனால் சூதாட்டப் பணம் தாராளமாகப் புழங்கிய அந்தக் காலத்தில், நேர்மைக்குப் பேர் போனவரும் இவரே.

பலகையில் "பாப் ஃபெர்குசன், புரூக்ளின்" என்று மட்டும் போடுங்கள், கீழே ஜூன் 14-ஐ எழுதுங்கள். ஹிக்ஸின் கையையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள், மறைக்க வேண்டாம்.