குடியிருப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களே,

செயற்குழு நான்கு முறை கூடியது. கோடை ஒன்றுகூடல் மழையால் மண்டபத்துக்குள் நடந்தது.

மற்றபடி இந்த ஆண்டு ஈரச்சுவரோடும் பூஞ்சையோடும்தான் போனது. "செயலாளர் கடிதம் எழுதுவதோடு சரி" என்று படிக்கட்டில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. ஆகவே விளக்கிவிடுகிறேன். உடல்நலத்துக்குக் கேடான நிலையில் வீடு இருந்தால், பிரித்தானியாவின் 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது ஒரு "தொல்லை". தனியார் வீடென்றால் கவுன்சிலே, அதாவது உள்ளூராட்சி மன்றமே, அதைச் சரிசெய்யச் சொல்லி உரிமையாளருக்கு அறிவித்தல் கொடுக்கும். நமக்கோ வீட்டுக்காரரே கவுன்சில். தனக்குத்தானே அறிவித்தல் கொடுத்துக்கொள்ள அதனால் முடியாது. எனவே அதே சட்டத்தின் 82ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் 21 நாள் அவகாசம் கொடுத்துக் கவுன்சிலுக்கு எழுதிவிட்டு, மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போகலாம். அவர்தான் போக வேண்டும். அவருக்குப் பதிலாகச் செயலாளர் கையெழுத்துப் போட முடியாது. இதைச் சொல்ல மூன்று கூட்டம் வைத்தேன். கடைசிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர், அதில் இருவர் தேநீருக்கு.

ஒன்பது வீடுகளுக்குக் கடிதம் தயாரித்தேன். கையெழுத்தானவை மூன்று. மூன்று வீட்டுக்கும் 21 நாளுக்குள் ஆள் வந்தது. ஒன்றில் பூஞ்சைமேல் பெயின்ட் அடித்துவிட்டு, "யன்னலைத் திறந்து வையுங்கள்" என்று புத்தி சொல்லிப் போனார்கள். அங்கே மறுபடி கறுக்கத் தொடங்கிவிட்டது. மீதி ஆறு கடிதமும் என் மேசையில் இருக்கின்றன.

கழிப்பறைக்குள் கைகழுவும் பேசின் இல்லை என்று ஒருவர் கோபப்பட்டார். நியாயமான கோபம்தான். ஆனால் அதே குறையோடு பர்மிங்ஹாமிலிருந்து போன வழக்கில், வீட்டில் எது எங்கே அமைந்திருக்கிறது என்ற குறை இந்தச் சட்டத்துக்குள் வராது என்று, அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2000இலேயே சொல்லிவிட்டது. அதற்கு என்னைக் குறைசொல்லிப் பயனில்லை.

அப்புறம், ரொச்டேலில் பூஞ்சை வீட்டில் வாழ்ந்து 2020இல் இறந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக்கின் பெயரிலான சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆபத்தான ஈரம், பூஞ்சை என்றால் கவுன்சில் 10 வேலைநாளுக்குள் ஆராய வேண்டும். அவசரமென்றால் 24 மணி நேரம். முறைப்பாடு செய்த தேதியை எழுதி வைக்காதவருக்கு எதை வைத்து நாள் கணக்கிடுவது?

கணக்கைப் பொருளாளர் பார்த்துவிட்டார். தபால், நகல் செலவு போகக் கொஞ்சம் கையிருப்பு உண்டு. சந்தா பாதிக்குமேல் நிலுவை. செயற்குழுவுக்கும் மண்டபம் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நானே இருப்பேனா தெரியாது. விரும்புகிறவர் முன்வந்தால் ஆறு கடிதத்தையும் இன்றே ஒப்படைப்பேன். சங்கத்தின் ஈரப்பதமானியை ஜனவரியில் வாங்கிப் போனவர் திருப்பித் தந்தால் அதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.

செயலாளர்