இத்தாலியின் கிரெமோனா வயலின் அருங்காட்சியகத்துக்கு: சுரங்களுக்கு நடுவே இருப்பதையும் பதியுங்கள்

அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

2019 ஜனவரியில் நீங்கள் செய்த காரியத்தைப் படித்து அசந்துபோனேன். நான்கு பழைய வாத்தியங்களின் குரலைப் பதிந்து, கீபோர்டில் வாசிக்கும் மென்பொருளாக்க ஊரையே அடக்கினீர்கள். கல் பாவிய தெருவில் குதிகால் செருப்புச் சத்தம்கூட மைக்கில் விழும் என்று மேயர் அக்கம்பக்கத்துத் தெருக்களில் போக்குவரத்தை நிறுத்தினார். அரங்கத்தில் ஏசியை அணைத்து, ரீங்கரித்த பல்புகளைக் கழற்றி, 32 மைக்குகளை வைத்தார்கள். கலைஞர்கள் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரம் ஆறு நாள், ஒரு மாதத்துக்கும் மேல் ஒவ்வொரு சுரமாக வாசித்தார்கள். உங்கள் ஊரின் பேர்பெற்ற கைவினைஞர்கள் செய்த 1727-இன் ஸ்ட்ராடிவாரி, 1734-இன் குவார்னேரி வயலின்கள் இரண்டும் அதில் உண்டு. மரம் தளர்ந்து வாசிக்க முடியாத நாள் வருமுன் குரலையாவது காப்பாற்ற வேண்டும் என்ற கவலை நியாயமானது.

என் குறை வேறு. நான் கர்நாடக சங்கீதம் வாசிப்பவன். வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்த பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து உங்கள் வாத்தியம் எங்களுடையதும்தான். தரையில் உட்கார்ந்து வயலின் தலையைக் கணுக்காலில் நிறுத்திக்கொள்வோம். இடது கை தாங்க வேண்டியதில்லை, தந்தி நெடுக ஓடலாம். தோடி ராகத்தில் காந்தாரம் என்ற ‘க’ சுரம் ஓரிடத்தில் நிற்காது. கீழே இருக்கும் ரிஷபத்தின் (ரி) பக்கமிருந்து கிளம்பி மேலே இருக்கும் மத்தியமத்தைத் (ம) தொட்டுத் தொட்டுத் திரும்பும். விரல் தந்தியை விட்டு எழாது, வில்லும் மாறாது. அந்த அசைவுதான் காந்தாரம்.

சுரத்திலிருந்து சுரத்துக்குப் போவதையும் நீங்கள் பதிந்தீர்கள், தெரியும். ஆனால் அவை உங்கள் பன்னிரண்டு சுரத்தானங்களுக்கு நடுவே போகும் பாதைகள். கீபோர்டில் அவற்றை எப்படிக் கோத்தாலும் தோடி வராது. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் வீலைத் திருகினால் வருவது கமகம் என்று நாங்கள் சொல்லும் சுர அசைவு அல்ல, குழைந்துபோன சுரம். விரல் தந்தியில் இழைந்து நகரும்போது அந்த வயலின் எப்படிப் பதில் சொல்லும் என்பது நீங்கள் பதிந்த ஒலித்துண்டுகளில் இல்லவே இல்லை. இந்துஸ்தானி, அரபு இசைக்காரர்களும் இதையேதான் சொல்வார்கள்.

எனவே கேட்கிறேன்: வாத்தியங்கள் வாசிக்கும் நிலையில் இருக்கும்போதே, ஒவ்வொரு தந்தியிலும் அடியிலிருந்து உச்சிவரை வில் எடுக்காமல், விரலை மெதுவாகவும் வேகமாகவும் இழைத்துப் பதியுங்கள். கமகம் அறிந்த ஒரு வயலின்காரரையும் கூப்பிடுங்கள். ஆலாபனைக்கு ஒரு பிற்பகல் கொடுங்கள். விற்பனைக்கு வந்த மென்பொருள் ஒருபுறம் இருக்கட்டும். மூலப் பதிவுகளை எந்த நிறுவனத்தின் பூட்டும் இல்லாத சாதாரண வேவ் (WAV) ஒலிக்கோப்புகளாக ஆய்வாளர்களுக்கும் இசைக்காரர்களுக்கும் திறந்து வையுங்கள். மரம் முந்நூறு வருஷம் தாங்கியது. மென்பொருள் முப்பது வருஷம் தாங்கினால் பெரிது.

அன்புடன்,
ஒரு வயலின்காரன்