பதினொன்று இல்லை, பதினைந்து

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த நோர்வே கட்டுரையை விரும்பித்தான் படித்தேன், ஆனால் கூடவே போட்டிருந்த வரைபடம் பழையது. அதில் காட்டிய 11 மாவட்டங்கள் (இங்கே ஃபில்கே என்போம்) என்பது 2020 முதல் 2023 வரை நான்கே வருடம் இருந்த கணக்கு. 2024 ஜனவரி 1இலிருந்து மாவட்டங்கள் 15. முன்பு 19 இருந்ததை அரசு ஒன்றோடொன்று சேர்த்து 11 ஆக்கியது, அப்புறம் ஆட்சி மாறியதும் மூன்று இடங்களில் பிரித்துக்கொண்டார்கள். ஒஸ்லோவைச் சுற்றி வீக்கன் என்று ஒன்றை உருவாக்கினார்களே, அது மறுபடி மூன்றாகிவிட்டது.

நான் சொல்ல வந்தது வடக்கைப் பற்றி. ட்ரும்ஸையும் ஃபின்மார்க்கையும் ஒன்றாக்கியபோது அந்த ஒரு மாவட்டம் இலங்கையை விடப் பெரிதாக இருந்தது, ஆட்களோ இரண்டரை லட்சம்கூட இல்லை. 2018இல் ஃபின்மார்க்கில் வாக்கெடுப்பு வைத்தார்கள், வாக்களித்தவர்களில் 87 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், இருந்தும் சேர்த்தார்கள், 2024இல்தான் இரண்டும் மறுபடி பிரிந்தன. எண்பதுகளின் கடைசியில் அந்தக் கரையோர ஊர்களின் மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த எங்கள் ஆட்களில் நானும் ஒருவன், காலையில் கையுறைக்குள் விரல் விறைக்க மீன் வெட்டியவன், அதனால் அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. சேர்த்த மாவட்டத்தின் தலைநகரான ட்ரும்ஸோவிலிருந்து ஃபின்மார்க்கின் கிழக்கிலுள்ள கிர்கெனஸுக்குக் காரில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், பலர் பின்லாந்துக்குள் புகுந்துதான் போவார்கள். பனிக்காலத்தில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்க இந்தத் தூரமா?

கிர்கெனஸ் எங்கே இருக்கிறது தெரியுமா? இஸ்தான்புல்லை விடக் கிழக்கே. ஆனால் கடிகாரம் ஒஸ்லோ நேரம்தான். அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம் ஓட்டிப் பின்லாந்து எல்லையைத் தாண்டினால் மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும்! முதல் தடவை போனபோது கடை பூட்டியிருந்தது, எனக்கு விளங்கவே இல்லை.

தெற்கிலிருந்து வடக்குக்கு ரயிலில் சுற்றிப் பார்க்கலாம் என்று கட்டுரையில் எழுதியிருந்ததும் சரியில்லை. நோர்வே ரயில் வடக்கே பூடோ நகரோடு நின்றுவிடும். அதற்கும் வடக்கே நார்விக்கில் ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் அந்தத் தண்டவாளம் சுவீடனுக்குத்தான் போகிறது. அந்தப் பக்கத்தில் நாடே ஒடுங்கிக் கிடக்கிறது, ஒரு இடத்தில் ஃபியோர்ட் (மலைகளுக்கு நடுவே உள்ளே புகுந்த கடல்) தண்ணீருக்கும் சுவீடன் எல்லைக்கும் நடுவே 6 கிலோமீட்டர் சொச்சம்தான் நிலம். மலையும் கடலும் இப்படி நெருக்கினால் தண்டவாளம் எங்கே போடுவது?

இன்னொன்று, வடதுருவப் பக்கத்துத் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டையும் மாவட்டம் மாதிரி நிறம் அடித்திருக்கிறீர்கள். அது நோர்வேயின் நிலம்தான், ஆனால் எந்த மாவட்டத்திலும் சேராது, தனியாக ஓர் ஆளுநர் இருக்கிறார். 1920இல் போட்ட ஒப்பந்தத்தின்படி, கையெழுத்திட்ட நாட்டுக்காரர்கள் அங்கே தொழில் செய்யலாம். அடுத்த தடவை படம் போடும்போது அதற்கு வேறு நிறம் கொடுங்கள். அப்படியே ஃபின்மார்க்கைத் தனியாகக் கோடு போட்டுக் காட்டுங்கள், அந்தக் கோட்டுக்காக அங்கே நிறையப் பேர் சண்டை பிடித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஒஸ்லோ