தனித்தனியே அளந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுப் பொருள்களில் உள்ள இரசாயனங்கள் பற்றி ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை, எல்லாம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருப்பதால் பயம் வேண்டாம் என்று முடிந்திருந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த அளவுகள் பெரும்பாலும் ஒவ்வோர் இரசாயனத்தையும் தனியாகச் சோதித்து வகுக்கப்பட்டவை. நாம் அப்படியா வாழ்கிறோம்? பினாங்கின் அடுக்குமாடி வீடுகளில் காலையில் ஷாம்பு, முகக் கிரீம், பவுடர், தரைக்கு வாசனைத் திரவம். இரவில் ஜன்னலை அடைத்துக்கொண்டு கொசுவர்த்திச் சுருள். பூசியதும் முகர்ந்ததும் ஒரே உடம்புக்குள்தான் போகின்றன.

2002இல் லண்டன் ஆய்வாளர்கள், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போலச் செயல்படும் எட்டு இரசாயனங்களை, தனியாக இருந்தால் விளைவே தெரியாத அளவில் எடுத்துக் கலந்தார்கள். கலவை தெளிவான விளைவைக் காட்டியது. ஆய்வுக்கூடத்து ஈஸ்ட் செல்களில் நடந்த சோதனைதான். மனிதருக்கு நோய் வரும் என்பதற்கு அதுவே சான்றாகிவிடாது. ஆனாலும், தனித்தனியே தீங்கில்லாதவை சேர்ந்தாலும் தீங்கு செய்யாது என்று இனி யாரும் அடித்துச் சொல்ல முடியாது. பிளாஸ்டிக்கிலும் வாசனைப் பொருள்களிலும் சேரும் தாலேட்டுகளின் பாதிப்பைக் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்று அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 2008இலேயே பரிந்துரைத்தது.

கொசுவர்த்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலேசிய, சீனச் சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்வின்படி, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடான நுண்துகள்களை வெளியிடுகிறது. குழந்தை தூங்கும் மூடிய அறையில் இதை ஏற்றுகிறோம்! டிங்கிக்குப் பயந்து என்பார்கள். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது. ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்து, தேங்கிய நீரைக் கொட்டினாலே பெரும்பயன் கிடைக்கும்.

அரசு நினைத்தால் முடியும். பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் பிஸ்பினால் ஏ என்ற இரசாயனம் கலந்த பால் புட்டிகளை 2012 மார்ச்சில் நம் நாடு தடை செய்தது. ஆனால் இப்படி ஒவ்வொன்றாகத் தடுத்தால், அதே குடும்பத்தைச் சேர்ந்த பிஸ்பினால் எஸ் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது. ஒரே விதமாக உடலைப் பாதிக்கும் இரசாயனங்களைச் சுகாதார அமைச்சு ஒரு தொகுதியாக எடுத்து வரம்பு விதிக்க வேண்டும். ‘நறுமணம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எதையும் மறைக்க லேபிள்களில் இடம் தரக் கூடாது.

தாய்சேய் நல கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு உணவையும் இரும்புச்சத்து மாத்திரையையும் பற்றிச் சொல்கிறார்கள். கொசுவர்த்தி, வாசனைத் தெளிப்பான், முகப்பூச்சு ஆகியவற்றைக் குறைத்துக்கொள்வது பற்றியும் தாதியர் சொல்லலாமே. அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு