கழற்றிய சாமானைக் கையில் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஏற்காட்டு அன்பர் ஒருவர், சேலத்தில் ஸ்போர்ட்ஸ் காரை நம்பிக் கொடுக்க ஆளே இல்லை, வாங்கினவர்கள் பெங்களூருக்கோ சென்னைக்கோ கொண்டுபோக வேண்டியதுதான் என்று அலுத்துக்கொண்டு எழுதியிருந்தார். அதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் லாரி ஸ்பேர்ஸ் கடை நடத்துகிறேன். அப்பா வைத்த கடை, அவருக்கு அப்புறம் நான் பார்க்கிறேன். வீட்டு ஷெட்டில் நிற்பது ஒரு சான் ஸ்டார்ம். பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1998-ல் வந்த இந்தியக் கார், கோவாவில் தயாரித்தார்கள். இரண்டே பேர் உட்காரலாம், மேல்துணியை மடித்துவிடலாம். வடிவமைத்தது பிரான்ஸைச் சேர்ந்த லெ மான் குழுமம். எஞ்சின் ரெனோவுடையது, 1149 சிசி, 60 குதிரைத்திறன். இன்றைய ஸ்விஃப்ட் இதை நேர்ரோட்டில் சுலபமாக முந்திவிடும். முந்தட்டும். ஏற்காட்டு மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இதில் ஏறிப் பார்த்தவருக்குத்தான் நான் ஏன் இதை விற்காமல் வைத்திருக்கிறேன் என்று புரியும்.

இப்போது இந்த வண்டியை யாரும் தயாரிக்கவில்லை. டீலர் என்று போய் நிற்க இடமே கிடையாது. ரெனோ எஞ்சின்தானே என்று கேட்பார்கள். ரெனோவின் டஸ்டரிலும் குவிட்டிலும் இருப்பது வேறு எஞ்சின். இது ஐரோப்பாவில் கிளியோ, ட்விங்கோ கார்களில் ஓடியது.

பெங்களூர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன், பெயர் வேண்டாம். பெரிய இடம். கண்ணாடிக் கதவு, ஏசி அறை, காபி மெஷின். உள்ளே ஜெர்மன் கார்களும் இத்தாலிக் கார்களும் வரிசையாக நின்றன. டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் மாற்றக் கொடுத்தேன். எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கிற பல் வைத்த ரப்பர் பெல்ட் அது, ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சின் அங்கேயே நின்றுவிடும். பெல்ட் விஷயத்தில் கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் போதாது. வண்டி ஓடினாலும் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும். என்னுடையதைப் போல ஷெட்டிலேயே அதிகம் நிற்கிற வண்டிக்கு வருஷக் கணக்குத்தான் கணக்கு. சர்வீஸ் அட்வைசர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சார் வரலையா மேடம்?" சார் சேலத்தில் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஸ்கூட்டருக்கு மேல் எதிலும் ஆசை இல்லை.

வேலை முடிந்து பில் வந்தது. பெல்ட், பம்ப், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர், கூலன்ட், லேபர், எல்லாம் வரிசையாகப் போட்டிருந்தார்கள். பழைய சாமானைக் கொடுங்கள் என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. பெல்ட்டை எடுத்துத் திருப்பினேன். டைமிங் பெல்ட்டின் முதுகில் நம்பர் அச்சிட்டிருப்பார்கள். பல பெல்ட்டுகளில் பல் எத்தனை, அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். அவர்கள் கொடுத்தது அகலமான பெல்ட், ஏதோ டீசல் வண்டியுடையது. என் எஞ்சினில் அது உட்காரவே உட்காராது. பெல்ட்டும் பேரிங்கும் விற்றே பிழைக்கிறவளிடம் வேறு வண்டிப் பெல்ட்டை நீட்டினால் எப்படி? "தம்பி, இது என் வண்டியோடது இல்லையே" என்றேன்.

மேனேஜர் வந்தார். எஞ்சினில் பெல்ட்டை மூடியிருக்கும் கவரைக் கழற்றச் சொன்னேன். உள்ளே பழைய பெல்ட் முதுகெல்லாம் வெடிப்போடு அப்படியே இருந்தது. பம்ப்பையும் தொடவில்லை. பையன் மாற்றி எழுதிவிட்டான் என்றார்கள். பணம் முழுதாகத் திரும்பி வந்தது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். பெல்ட்டைப் பார்த்து அடையாளம் தெரியாத ஒருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால், புது பெல்ட் போட்டிருக்கிறது என்ற தைரியத்தில் தொப்பூர்க் கணவாய் வழியாக ஊர் வந்து சேர்ந்திருப்பார்.

பெங்களூரில் நல்ல வேலைக்காரர்களே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. கண்ணாடிக் கதவை வைத்து ஆளை எடை போட முடியாது என்கிறேன், அவ்வளவுதான். கழற்றிய சாமானை நாம் கேட்காமலே பையில் போட்டுக் கொடுக்கிறவர், வண்டி மேலே ஏறி நிற்கும்போது பக்கத்தில் வந்து பாருங்கள் என்று கூப்பிடுகிறவர், இப்படிப்பட்டவர்தான் எனக்கு டீலர். அவர் சேலத்திலும் இருக்கிறார். ஏற்காட்டு அன்பர் ஒரே கூரைக்குக் கீழே எல்லா வேலைக்கும் ஆள் தேடுகிறார் என்று நினைக்கிறேன், அதனால்தான் கண்ணில் படவில்லை.

எஞ்சினுக்கு எனக்குக் கிடைத்தவர் கொண்டலாம்பட்டிப் பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறார். இளம் வயதில் கோவையில் ரேஸ் கார் ஷெட் ஒன்றில் வேலை பழகியவர். கோவைக்கும் ரேஸுக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரிந்ததுதான். ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரை உருவாக்கிய கரிவரதன் அந்த ஊர்க்காரர். செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த ஊர் ஷெட்டுகளில் பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: போல்ட்டை எத்தனை இறுக்கம் என்று டார்க் ரெஞ்சில் பார்த்துத்தான் விடுவார்கள், கை அளவை நம்ப மாட்டார்கள்.

எடுத்ததும் எஞ்சினைத் திறக்கக் கொடுக்கவில்லை. முதலில் பிரேக் ஃப்ளூயிட் மாற்றச் சொன்னேன். சின்ன வேலை, ஆனால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரேக் ஃப்ளூயிட் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது அளவு. ஈரம் ஏறிய பின் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு இது விளையாட்டு இல்லை. உள்ளே கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. அவர் சீல் உடைக்காத டப்பாவை என் முன்னால் திறந்தார். நான்கு சக்கரத்திலும் பழசு போய்த் தெளிவாக வரும்வரை விட்டார். மிச்சத்தைத் திரும்பப் பயன்படுத்த எடுத்து வைக்கவில்லை. அப்புறம் கேட்டார், "அக்கா, இந்த எஞ்சினை நான் தொட்டதில்லை. மேனுவல் இருந்தா ஒரு வாரம் கொடுங்க, படிச்சிட்டுச் சொல்றேன்." டைமிங் பெல்ட்டை அவர்தான் மாற்றினார்.

அடுத்து பாடி. இந்த வண்டியின் உடம்பு ஃபைபர். தகரம்போல டிங்கரிங் செய்ய முடியாது. அடி பட்டால் நசுங்காது, கீறல் விடும். நட்சத்திரம்போல மெல்லிய விரிசல் பெயிண்டில் தெரிந்தால் அதற்கு அடியில் கண்ணாடி இழை விட்டிருக்கலாம். டிங்கர் மேல் புட்டி பூசிப் பளபளவென்று ஆக்கிக் கொடுப்பார், மறு மழைக்காலத்துக்குள் அதே இடம் மறுபடி வெடிக்கும். நான் போனது ஃபைபர் தொட்டியும் சிலையும் செய்கிறவரிடம். அவர் காரே தொட்டதில்லை. ஆனால் விரிசலை உள்ளே வரை அரைத்தெடுத்து, பின்பக்கத்திலிருந்து கண்ணாடி இழை மேட்டும் (விரிப்பு) ரெசின் பசையுமாக அடுக்கு அடுக்காகப் போட வேண்டும் என்று நான் சொல்லாமலே சொன்னார். பெயிண்ட் மட்டும் கார் பெயிண்டர்.

பஞ்சர் கடைக்குப் போகும்போது பக்கத்திலேயே நிற்கிறேன். எல்லா வண்டிக்கும் போலக் கதவுக்குக் கீழே ஜாக்கியைக் கொடுத்தால் ஃபைபர் படக்கென்று போய்விடும். சேசிஸில்தான் கொடுக்க வேண்டும்.

மின்சாரத்திலும் இதே கூத்து. தகர பாடியில் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற எர்த்துக்கு பாடியே போதும், ஃபைபரில் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் போயாக வேண்டும், அதன் முனையில் துரு பிடித்தால் இண்டிகேட்டர் போட்டால் வேறு விளக்கு மின்னும். இதைக் கண்டுபிடித்தது நம்மூர் லாரி எலக்ட்ரீஷியன். அதற்கு முன்னால் பார்த்த ஒருவர் ஒயரிங் மொத்தத்தையும் மாற்ற எஸ்டிமேட் எழுதியிருந்தார்.

(மேல்துணிக்கு மட்டும் ஏற்காட்டில் தீர்வே இல்லை. குரங்குகளுக்கு அது மேல் என்ன கோபமோ, நிறுத்தின இடத்தில் ஆள் காவல் வைக்க வேண்டியிருக்கிறது.)

ஸ்பேர்ஸ் கிடைக்காது என்பதும் முக்கால்வாசி பயம்தான். கடைக்காரியாகச் சொல்கிறேன். பேரிங்கில் நம்பர் பொறித்திருக்கும், அதே நம்பர் உலகம் முழுக்க அதே அளவு. ஆயில் சீல் என்றால் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், இந்த மூன்றும் ரப்பரும் பொருந்தினால் போதும், எந்த வண்டிக்கு என்று கேட்கத் தேவையில்லை. ரேடியேட்டர் ஹோஸை வளைவு பார்த்து வேறு காருடையதில் வெட்டிக்கொள்ளலாம். கார் பெயரைச் சொல்லிக் கேட்டால் எந்தக் கடையிலும் இல்லை என்பார்கள், கழற்றிய சாமானோடு போய் நின்றால் பத்தில் ஆறு சேலத்திலேயே கிடைக்கும். கழற்றியதைக் கையில் வாங்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். பெல்ட், டென்ஷனர், பிரேக் சாமான்கள் இவற்றில் மட்டும் 'ஏறக்குறைய பொருந்தும்' என்ற பேச்சை நான் ஏற்பதில்லை, சரியான நம்பரை வெளிநாட்டிலிருந்தே வரவழைக்கிறேன்.

இன்ஷூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கிளெய்மில் ஃபைபர் கிளாஸ் பாகத்துக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், ரப்பர், பிளாஸ்டிக் என்றால் 50. பில்லில் மொத்தமாக 'பாடி ஒர்க்' என்று எழுதினால் எதில் எவ்வளவு கழித்தார்கள் என்பது நமக்குத் தெரியவே தெரியாது. பாகம் வாரியாக எழுதி வாங்குங்கள். ஐந்து வருஷத்தைத் தாண்டிய வண்டிக்கு மதிப்பை நாமும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பாலிசி புதுப்பிக்கும் முன்பே பேசிவிடுவது நல்லது.

என்னைப் போல அங்கேயே பணம் திரும்பக் கிடைக்காதவர்கள் வெளியூர்ப் பட்டறை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், பெங்களூருக்கு நடக்க வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமும் கிடையாது. ஜாப் கார்டு, பில், கழற்றிய சாமானின் போட்டோ, இவை மட்டும் கையில் இருக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜாப் கார்டில் கீழே ஒரு வரி சேர்த்து அச்சடியுங்கள்: 'கழற்றிய பாகங்கள் ஒப்படைக்கப்பட்டன', பக்கத்தில் வாடிக்கையாளர் கையெழுத்து. மாருதியோ மினி லாரியோ, எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். செலவு ஒன்றும் இல்லை.

ஏற்காட்டு அன்பருக்கு: உங்கள் வண்டி எது என்று நீங்கள் எழுதவில்லை. என் வண்டிக்காக பேரிங் நம்பர், ஆயில் சீல் அளவு, ஹோஸ் எதில் வெட்டினது என்றெல்லாம் குறித்து வைத்த நோட்டு ஒன்று இருக்கிறது. ரெனோ எஞ்சின் வண்டி என்றால் அப்படியே உதவும், வேறு வண்டி என்றால் எப்படிக் குறிப்பது என்றாவது தெரியும். அதன் நகலை இந்தப் பத்திரிகையின் சேலம் அலுவலகத்தில் கொடுத்துவைக்க ஆசிரியர் அனுமதித்தால் நாளைக்கே கொடுக்கிறேன். நீங்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்