ஏழு வண்ணத் தேன்கூடு

அன்புள்ள நண்பா,

கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இனிப் படிக்கவும் எழுதவும் தடையில்லையாம். உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது?

செல்போன் வலையமைப்பை அறுகோணங்களாக வரைகிறார்களே, தேனீயைப் பார்த்துக் காப்பி அடித்தார்களா என்று கேலியாகக் கேட்டிருந்தாய். காப்பி இல்லை, இரண்டு பேருக்கும் கணக்கு ஒன்றுதான். இடைவெளி விடாமல் தரையை நிரப்பும் சீரான வடிவங்கள் மூன்றே: முக்கோணம், சதுரம், அறுகோணம். ஒரு கோபுரத்தின் வீச்சை வட்டமாக எடுத்துக்கொண்டால், அதற்குள் அடங்கும் முக்கோணம் 41 சதவீதத்தை நிரப்பும், சதுரம் 64, அறுகோணம் 83. அதாவது, குறைந்த கோபுரங்கள் போதும். ஆனால் இந்த அறுகோணம் காகிதத்தில் மட்டும்தான். குன்றும் கட்டடமும் குறுக்கே வரும் நிலத்தில் செல்லின் (ஒரு கோபுரம் கவனிக்கும் பரப்பின்) எல்லை, கொட்டிய தண்ணீர் பரவியதுபோலத்தான் இருக்கும்.

என்னைக் கவர்ந்தது வடிவம் அல்ல, சிக்கனம். 1976இல் நியூயார்க் நகருக்கே 12 அலைவரிசைகள்தான், அதாவது ஒரே நேரத்தில் 12 பேச்சுகள்தான். காரில் பொருத்திய போன் வைத்திருந்தவர்கள் 543 பேர். இதற்கு மாற்றை அமெரிக்கத் தொலைபேசி ஆய்வுக்கூடமான பெல் ஆய்வகத்தின் டி. எச். ரிங் 1947லேயே எழுதி வைத்துவிட்டார்: ஒலிபரப்பின் சக்தியைக் குறை, நகரைச் சிறு செல்களாகப் பிரி, சற்றுத் தள்ளி அதே அலைவரிசையை மறுபடி கொடு. தூரம் போகப் போக அலை தேய்வதை ஒரு குறைபாடு என்றே நினைத்திருந்தேன். அது தேயாவிட்டால் இந்த வித்தையே நடக்காது!

பேரனின் வண்ணப் பென்சில்களை எடுத்து, செல்களை அறுகோணக் கட்டங்களாக வரைந்து பார்த்தேன். ஒரு வண்ணம் ஓர் அலைவரிசைத் தொகுதி. ஒரு கட்டத்திலிருந்து நேராக இரண்டு கட்டம் நடந்து, 60 பாகை இடப்பக்கம் திரும்பி இன்னொரு கட்டம் போனால் அதே வண்ணம். எந்தப் பக்கம் கிளம்பினாலும் அப்படியே. இதற்கு 7 வண்ணங்கள் வேண்டும்: நடந்த கட்டங்கள் 2, 1 அல்லவா, 2×2, 2×1, 1×1 மூன்றையும் கூட்டிப் பார். 5 வண்ணத்தில் ஒரு மதியம் முழுக்க மல்லாடினேன். ஒரே வண்ணக் கட்டங்கள் சம தூரத்தில் அமையவே இல்லை. அமையாது என்பது பிறகுதான் உறைத்தது.

வண்ணம் கூடினால் ஒரே வண்ணச் செல்கள் தள்ளிப் போய் அவற்றுக்கிடையே குறுக்கீடு குறையும், ஆனால் ஒவ்வொரு செல்லின் பங்கும் சுருங்கும். அமெரிக்காவின் முதல் தலைமுறை அமைப்பில், பின்னாளில் ஒரு நிறுவனத்துக்குப் பேச்சுக்கென 395 அலைவரிசைகள் இருந்தன. ஏழாகப் பங்கிட்டால் செல்லுக்கு 56. நாலாகப் பங்கிட்டால் நூறைத் தொடும். ஆனால் பக்கத்துப் பேச்சு உள்ளே நுழைந்துவிடும். இன்றைய 4ஜியில் இந்தப் பங்கீடே பெரும்பாலும் இல்லை. எல்லா செல்லுக்கும் முழு அலைக்கற்றை. இரைச்சலைச் சமாளிப்பது கருவிகளின் பாடு. செல்லின் ஓரத்தில் நிற்பவனுக்குத்தான் கொஞ்சம் திண்டாட்டம்.

படத்தை இணைத்திருக்கிறேன். 12 வண்ணம் என்றால் எத்தனை கட்டம் நடந்து எங்கே திரும்ப வேண்டும் என்று நீ கண்டுபிடித்து எழுது. விடையை நான் சொல்லப்போவதில்லை.

உன் பழைய பெஞ்சுத் தோழன்