‘மிடில்மார்ச்’ ஏன் எட்டுப் புத்தகம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஜார்ஜ் எலியட் கட்டுரை, மேரி ஆன் எவன்ஸ் என்ற பெண் அந்த ஆண் பெயரைப் புனைபெயராகச் சூடிய கதைக்கே முக்கால் பங்கை ஒதுக்கிவிட்டது. அந்த மறைப்பு நீடித்தது இரண்டு ஆண்டும் சில மாதங்களும்தான். 1859இல் வந்த ‘ஆடம் பீட்’ நாவலை லிகின்ஸ் என்பவர் எழுதியதாகப் பேச்சு கிளம்பவே, அதே ஆண்டில் உண்மை வெளிவந்தது. ஆனால் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ நாவல் எட்டுப் பாகமாக வந்ததைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப்போனதுதான் பெரிய குறை.

அன்று நாவல் என்றால் மூன்று தொகுதி. விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். சொந்தமாக வாங்கியவர்கள் குறைவு. மூடி (Mudie) என்பவரின் வாடகை நூலகத்தில் ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங் கட்டினால், ஒரு நேரத்தில் ஒரு தொகுதி கிடைக்கும். ஒரே நாவலை மூன்று பேருக்குப் பிரித்துத் தரலாம் என்பதால் நூலகத்துக்கும் அதுவே வசதி. பதிப்பாளர்கள் மூடியின் கையை எதிர்பார்த்தே இருந்தார்கள்.

‘மிடில்மார்ச்’ மூன்றில் அடங்கவில்லை. நாயகி டொரோத்தியாவின் கதையும் மருத்துவர் லிட்கேட்டின் கதையும் தனித்தனியே தொடங்கப்பட்டுப் பின்னர் இணைந்தவை. நான்கு தொகுதி தேவைப்பட்டது. 1871இல் எலியட்டின் துணைவர் லூயிஸ், பதிப்பாளர் ஜான் பிளாக்வுட்டுக்கு ஒரு வழி சொன்னார்: அரைத் தொகுதி அளவில் எட்டுப் பாகம், இரண்டு மாதத்துக்கு ஒன்று, விலை 5 ஷில்லிங். மொத்தம் 40 ஷில்லிங் ஆனாலும், வாசகர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளலாம். எலியட்டுக்குப் பாகம் ஒன்றுக்கு 2 ஷில்லிங் உரிமைத்தொகை. விலையில் ஐந்தில் இரண்டு பங்கு! முதல் பாகம் 1871 டிசம்பரில் வந்தது. கடைசி இரண்டு மட்டும் மாத இடைவெளியில் வந்து, 1872 டிசம்பரில் நாவல் முடிந்தது. 1874இல் ஒரே தொகுதியாக 7 ஷில்லிங் 6 பென்ஸுக்குக் கிடைத்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடமும் உண்டு. முதல் பாகத்தோடு டொரோத்தியாவை விட்டவர்கள், இரண்டாம் பாகத்தில் 13 முதல் 18 வரை ஆறு அத்தியாயம் அவளில்லாமல் படிக்க வேண்டியிருந்தது. பலனோ பெரிது. தன் இதய நோயைப் பற்றி அன்றுதான் லிட்கேட்டிடம் கேட்டறிந்த டொரோத்தியாவின் கணவர் கசோபன், இரவில் படியேறி வந்து, காத்திருக்கும் மனைவியின் கைபிடித்து நடக்கும் இடத்தில் நான்காம் பாகம் நிற்கிறது. 1872 கோடையில் வாசகர்கள் அந்தக் காட்சியோடு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்று ஒரே மூச்சில் படிப்பவர்களும் 42ஆம் அத்தியாயத்தில் சில நாள் புத்தகத்தை மூடி வைத்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்